மண்டபத்துப் புல்லும் மார்கழி மழையும்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால் கல்யாண மண்டபத்தின் தோட்டத்தைச் செப்பனிட எங்களுக்கு அந்த ஒரு மாதம்தான் கிடைக்கும். ஆடியிலும் கல்யாணம் இல்லைதான். ஆனால் ஆடியில் செய்ததையெல்லாம் ஐப்பசி மழை வந்து வழித்துக்கொண்டு போய்விடும். ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்த பிறகு, செருப்புத் தடமும் ஐஸ்கிரீம் கப்புமாக ஊறிக் கிடக்கும் புல்தரையை, தை முதல் முகூர்த்தத்துக்குள் போட்டோ எடுக்கிற லட்சணத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வில்லியனூரிலிருந்து கரிக்கலாம்பாக்கம் போகிற சாலையில் உள்ள ஒரு மண்டபத்தில் நான் அந்த வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறேன். முதலில் அங்கே பெருக்கத்தான் போனேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டான். ஹோஸ் என் கைக்கு வந்தது, ஹோஸோடு தோட்டமும் வந்துவிட்டது. இப்போது என்னோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். ஒருவர் செலியமேட்டு அக்கா, என்னைவிட மூத்தவர், நடவிலும் களையிலும் காய்த்துப்போன கை. இன்னொருத்தி வில்லியனூர் மாதா கோயில் பக்கத்திலிருந்து வரும் சின்னவள். ஒரு காதில் எப்போதும் போன் பாட்டு ஓடும், இன்னொரு காதால் எங்கள் வம்பைக் கேட்பாள்.

"எங்க ஆளுங்களும் கிறிஸ்மஸ் முடியற வரிக்கும் கல்யாணம் வெக்க மாட்டாங்கக்கா. மண்டபத்துக்கு எல்லா சாமியும் சேந்து லீவு வுட்டிருக்குது" என்பாள் அவள். லீவு மண்டபத்துக்குத்தான், எங்களுக்கு இல்லை.

காற்றில் முறிந்த நெட்டிலிங்கக் கிளைகளை அறுக்க வேண்டும். கழுத்தளவு வளர்ந்துவிட்ட வேலிச் செடியை நூல் கட்டி இடுப்பளவுக்கு வெட்ட வேண்டும். இட்லிப்பூச் செடிகளின் அடியில் மழை அரித்துப்போன மண்ணை அணைக்க வேண்டும். தொட்டிகளில் செவ்வந்தி வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை புல்தரை. லான் என்று சொன்னால்தான் மண்டபத்தில் மரியாதை. அதில் கோரை முளைத்துக்கொண்டே இருக்கும். கிழங்கோடு தோண்டி எடுக்காவிட்டால் மறுவாரமே எட்டிப் பார்த்துச் சிரிக்கும். பிறகு புல்லை ஒட்ட வெட்டி, சலித்த மணலை மேலே தூவி, துடைப்பத்தால் புல்லின் இடுக்கில் இறக்கிவிட வேண்டும்.

நான் காலையில் சாப்பாட்டுப் பையை எடுக்கும்போது என் வீட்டுக்காரர் கேட்பார்: "இன்னிக்கு இன்னா, களை புடுங்கற வேலையா, களை நடற வேலையா?" நெல் பயிரிட்டவருக்குப் புல் என்றால் களைதான். "உங்களுக்கு இன்னா வந்துச்சு? களை நட்டாலும் வூட்ல உலை கொதிக்குதில்ல" என்று நானும் விடமாட்டேன்.

உலை கொதித்தது அந்தப் புல்லால்தான். அவர் கரிக்கலாம்பாக்கத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தவர். நிலத்துக்காரர் அதை மனைக்கு விற்றுவிட்டார். கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, நாலு பக்கமும் கொடி கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கம்பெனி வாசலில் காவலுக்குப் போனார். சீக்கிரமே திரும்பி வந்துவிட்டார். "நாற்காலில குந்திக்கினு சம்பளம் வாங்கறது திருடற மாதிரி இருக்குது" என்றார். அதற்குமேல் எதற்கும் போகவில்லை. எனக்கு வேலை போனால் எங்கள் வீட்டுக்கு வேறு வழியில்லை. செலியமேட்டு அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, இனி நடவுக்குக் குனிய முடியாது. சின்னவளை அவள் மாமியார் இந்த ஒரு வேலைக்குத்தான் வெளியே விடுகிறாள், காரணம் இங்கே எல்லோரும் பெண்கள்.

அந்த வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. முந்தின தையில் ஒரு ரிசப்ஷனில், மாப்பிள்ளையின் தாய்மாமன் லானில் நாற்காலி போட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈர மண்ணுக்குள் நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் மெல்ல இறங்கின. மனிதர் கையில் கப்போடு மல்லாந்தார். பெண் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பால் கல்யாணமே நின்றுபோகும் அளவுக்குச் சண்டை முற்றியது. எல்லோரையும் கையெடுத்துக் கும்பிட்டு அடக்கியது மண்டபத்து முதலாளி. அன்றைக்கு அவர் பட்ட அவமானம் எங்கள் தலையில் வந்து விடிந்தது.

இந்த மார்கழி பிறந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த வாட்டியும் லான்ல தண்ணி நின்னுச்சுன்னு வெச்சிக்க, மொத்தத்தையும் வழிச்சிப் போட்டுட்டு பேவர் பிளாக் போட்டுடுவேன். கல்லுக்குத் தண்ணியும் ஊத்த வாணாம், ஆளும் வாணாம்."

அவரைக் குறை சொல்லமாட்டேன். மண்தான் அப்படி. அந்த இடம் அவர் அப்பா காலத்து நஞ்சை. மண்டபம் கட்டின பக்கம் கிராவல் கொட்டி உயர்த்தினார். லான் பக்கத்தை அப்படியே விட்டு, மேலே செம்மண் மட்டும் பரப்பினார். பரம்படித்துப் பரம்படித்து இறுகிப்போன களி அடியில் அப்படியே இருந்தது. தண்ணீரைக் கீழே விடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் அந்த மண்ணுக்குத் தெரிந்த ஒரே வேலை. அதனால் மதிலோரமாகச் சரிவு கொடுத்து ஒரு வாய்க்கால் வெட்டினேன். மதிலின் அடியில் செங்கல்லைப் பெயர்த்து, தண்ணீர் சாலையோரப் பள்ளத்துக்குப் போக ஒரு மடையும் வைத்தேன். ஒரு தூறலில் சோதித்துப் பார்த்தேன், நன்றாகவே வடிந்தது. இனி எத்தனை மழை வந்தாலும் வரட்டும் என்று இருந்தேன்.

கிறிஸ்மசுக்குச் சின்னவள் லீவு போட்டாள். ஆள் குறைந்தது. "நாலு நாளைக்கு மட்டும் வாங்களேன்" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முறுக்கிக்கொண்டேதான் வந்தார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. பூப்பாத்தியின் ஓரங்களை வரப்பு மாதிரி தட்டி நேராக்கினார். கோரையைக் கிழங்கு அறாமல் எடுத்தார். செலியமேட்டு அக்காவும் அவரும் எந்த நெல்லுக்கு எந்தக் களை வரும் என்று பேசிக்கொண்டே வேலை பார்த்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு அவர் குரல் வெளியே கேட்டது. எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் கடலில் காற்றழுத்தம் என்றார்கள். நான் உரம் வாங்க வில்லியனூர் போயிருந்தபோது பிடித்துக்கொண்டது மழை. வேலை அவ்வளவுதான் என்று நான் அப்படியே வீட்டுக்குப் போனேன். அவர் நனைந்து வந்து சேர்ந்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது நல்ல முகமாக இருந்தார், இரண்டாம் தடவையாக ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். வேலைக்குப் போனால் மனுஷன் எப்படி மாறிவிடுகிறான் பார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் மழை விடவில்லை. மார்கழி மழை மண்ணுக்கும் உதவாது என்று சொல்வார்கள். அது கதிர் முற்றி நிற்கும் நேரத்தில் பெய்கிற மழை. எங்கள் லானில் கதிரா இருக்கிறது, பெய்யட்டும் என்று நான் கவலையில்லாமல் தூங்கினேன்.

மழை விட்ட காலையில் நானும் வீட்டுக்காரரும் செலியமேட்டு அக்காவும் மண்டபத்துக்குள் நுழைந்தோம். லான் முழுக்கத் தண்ணீர். கலங்கல் இல்லாத, தெளிந்த தண்ணீர், புல்லின் நுனி மட்டும் மேலே தெரிய, ஓரம் முதல் ஓரம்வரை ஒரே மட்டமாக நின்றது. பொய் சொல்லமாட்டேன், முதல் பார்வைக்கு எனக்கு வயிறு குளிர்ந்தது. நிறைந்த வயலைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு அப்படித்தான் இருக்கும். நடுவில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புத்தி வந்தது. லானில் கொக்குக்கு என்ன வேலை?

மதிலோரம் ஓடினேன். மடை அடைந்திருந்தது. குப்பை சேர்ந்து தானாக அடைந்ததில்லை. புல்லோடு வெட்டின மண்கட்டியை வைத்து, இடுக்கில் களி அப்பி, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி மெழுகியிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை, ஒரு சொட்டுக் கசியவில்லை.

கோபம் வந்தால் எனக்கு வாங்க போங்க எல்லாம் மறந்துவிடும். "யோவ், இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"தண்ணி அம்புட்டும் ரோட்டுக்குப் போச்சு" என்றார் அவர். "இன்னா பண்ணச் சொல்ற? பாத்துக்கினு நிக்கச் சொல்றியா?"

"ஆமா, பாத்துக்கினு நிக்கத்தான் சொல்றேன்! இங்க அதுக்குத்தான் கூலி!"

செலியமேட்டு அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு சொன்னார்: "அவர மட்டும் ஏன்டி திட்டற? வூட்டுக்குப் போற வழில பாத்தேன், ஓரத்துல கசிஞ்சிக்கினு இருந்துச்சு. நான்தான் ரெண்டு மிதி மிதிச்சு வுட்டேன். தாயப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்கக் கூடாதுன்னுவாங்க இல்ல."

"தண்ணி இங்க நின்னா கல்லுதாங்க்கா வரும். உங்க முட்டிக்கு வேற யாரு வேலை குடுப்பா?" என்று கத்தினேன். வீட்டுக்காரர் ஏற்கெனவே மடையைப் பிடுங்க இறங்கியிருந்தார்.

தண்ணீர் வடிய மதியத்துக்குமேல் ஆகிவிட்டது. தாழ்ந்த பக்கத்துப் புல் பழுத்துக் கொழகொழத்துக் கிடந்தது, அழுகல் வாடை வேறு. ஈரத்தில் மிதித்தால் இன்னும் கெடும் என்று பலகை போட்டு அதன்மேல் நின்றுகொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் உள்ளே வந்தது. கூடவே கல் போடுகிற ஆள், கையில் அளவு டேப்போடு.

முதலாளி இறங்கி லானைப் பார்த்தார். "இன்னாம்மா, நாத்து வுட்டுட்டியா?" என்றார்.

செலியமேட்டு அக்கா வானத்தைப் பார்த்தார். 'இந்த வாட்டி மழை ரொம்ப ஜாஸ்தி மொதலாளி, ஊரே முழுவிப் போச்சு' என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"மழையால இல்லீங்க. நான்தான் மடைய அடைச்சேன்."

நுணலும் தன் வாயால் கெடும். கெட்டால் நுணல் மட்டுமா கெடுகிறது, கூடவே நாங்கள் மூன்று பெண்களும் கெட்டோம். பலகையிலிருந்து அவரைத் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"ஏன் அடைச்ச?" என்றார் முதலாளி.

"தண்ணி போச்சுங்க" என்றார் இவர்.

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்க பயிர் வெச்சிருந்த?"

"கரிக்கலாம்பாக்கத்துலங்க. கடமடை."

கடைமடை என்றால் எல்லா வயலும் குடித்து முடித்த பிறகு தண்ணீர் வந்து சேருகிற இடம். வராமலே போகிற வருஷமும் உண்டு. இவர் எத்தனையோ கோடையில் வாய்க்கால் கரையிலேயே மண்வெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்திருக்கிறார். வந்த தண்ணீரில் ஒரு கை தப்பிப்போனாலும் பக்கத்து வயல்காரனோடு பேச்சு நின்றுவிடும். அதையெல்லாம் முதலாளிக்கு யாரும் விளக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. கல்லுக்காரரிடம் திரும்பி டேப்பைச் சுற்றச் சொன்னார். பிறகு என்னிடம் சொன்னார்:

"தை பொறக்கறதுக்குள்ள இன்னொரு மழை வரும். அதுல தண்ணி நிக்கக் கூடாது. நின்னா கல்லுதான். அப்புறம் யாரும் வந்து என்னாண்ட அழக் கூடாது."

கார் போனதும் நான் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இருந்தது. பொய் சொல்லாமல் நின்றாரே என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளவில்லை. நாலு நாளைக்கு என்று வந்தவர் அத்தோடு நின்றுவிடவில்லை, மறுநாள் எனக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

கடப்பாரையால் லான் முழுக்கக் குழி குத்தினோம். மேல்மண்ணைத் தாண்டி அடியிலுள்ள களி உடையும்வரை இறக்கி, உடைத்த செங்கல் ஜல்லியும் மணலும் போட்டு நிரப்பினோம். அழுகின புல்லைத் திட்டுத் திட்டாக அறுத்து அன்னக்கூடையில் வாரிக் கொட்டினோம். மண்டபத்தின் பின்பக்கம், யாரும் போட்டோ எடுக்காத இடத்தில், நன்றாக இருந்த புல்லை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து முன்னால் பதித்தோம். லீவு முடிந்து வந்த சின்னவள் காதிலிருந்து பாட்டைக் கழற்றிவிட்டு, "ஒரு வாரம் நான் இல்லன்னா இப்பிடியா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. வாய்க்காலை அகலப்படுத்தியதும், அதன் அடியில் உடைந்த டைல்ஸ் பதித்ததும் வீட்டுக்காரர். சரிவு பார்க்க வாளித் தண்ணீரை ஊற்றுவார். அது ஓடத் தொடங்கியதும் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவார்.

வீட்டிலும் பேச்சு இல்லை. சோறு வேண்டுமா என்பதைத் தட்டைத் தள்ளிக் கேட்டுக்கொண்டோம்.

முதலாளி சொன்ன மழை போகிக்கு முன்னால் வந்தது. அன்று நான் செவ்வந்தித் தொட்டி எடுக்க வில்லியனூரைத் தாண்டிப் போயிருந்தேன். தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றும்போதே வானம் கறுத்துவிட்டது. திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது, மழை கொட்டியது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அக்காவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. சின்னவளுக்குப் போட்டால் பிஸி என்றது. மடையைத் தொடக் கூடாது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். ஆனால் அவர் கைக்குத் தெரியாதே. அவர் யோசிப்பதற்குள் கை போய் ஒரு கட்டி மண்ணை வைத்துவிடும். அந்த ஒரு கட்டி போதும், எங்கள் மூன்று பேர் பிழைப்புக்கும் மேலே கல்லை அடுக்கிவிடுவார்கள். "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்று ஆட்டோக்காரரை அரித்தேன். "கேட்ட நான் போய்த் தூக்கட்டுமா?" என்றார் அவர்.

நான் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகிவிட்டது. முதலாளியின் கார் எனக்கு முன்னாலேயே வந்து நின்றது. அவர் குடை பிடித்துக்கொண்டு லானின் நடுவில் நின்றிருந்தார். முன்பக்கம், பின்பக்கம், தாழ்ந்த மூலை என்று குதிகாலை ஊன்றி ஊன்றி நடந்தார். பிறகு ஒரு செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். சேறு ஒட்டவில்லை. மதிலோரம் வாய்க்கால் நுரைத்து ஓடி மடைவழியே சாலைப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது.

"சரிம்மா, கல்லு வாணாம்" என்றார் முதலாளி. "உன் வூட்டுக்காரு பம்ப் ஷெட்டுக்குப் பின்னால குந்திக்கினு இருக்காரு. போயி இன்னான்னு பாரு."

பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் போனேன். வழியில் செலியமேட்டு அக்கா நின்றிருந்தார். முழுக்க நனைந்து, மார்போடு சேர்த்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத இன்னாத்துக்குக்கா கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க?"

"மழை ஆரம்பிச்சதும் உன் வூட்டுக்காருதான் குடுத்தாரு. 'நானே கேட்டாலும் குடுக்காதீங்கக்கா'ன்னாரு" என்றார். குரலைத் தாழ்த்தி, "ஒரு வாட்டி வந்து கேட்டாருடி. நான் குடுக்கல" என்றார்.

வீட்டுக்காரர் ஷெட்டின் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடைக்கு முதுகு. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"கல்லு வாணான்னுட்டாரு" என்றேன். பேச்சு நின்ற பிறகு அவரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ம்."

"எழுந்து வாங்க. நனைஞ்சிட்டு இருக்கீங்க."

"தண்ணி இன்னும் போவுதா?"

எட்டிப் பார்த்தேன். "போவுது."

"நின்னதும் சொல்லு. அப்புறமா திரும்பறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை தப்பியதற்கா, அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததற்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. புடவையை ஒதுக்கிக்கொண்டு, அவர் பக்கத்தில் நானும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தண்ணீர் போகிற சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை இருவரும் திரும்பவில்லை.